சும்மா வேலை செய்தவன்

வேலைக்குப் போகும் வழியில் தினமும் ஒரு சுவர் என்னைக் கேள்வி கேட்கிறது. மலேசியாவில் பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில் நிலையத்திலிருந்து கடைத்தெருவுக்கு இறங்குகிற படிக்கட்டின் பக்கச் சுவர் அது. அதில் பெரிய சுவரொட்டி. இரண்டு கைகள், அவற்றைச் சுற்றிச் சங்கிலி, கீழே மலாய், ஆங்கிலம், நேபாளி, வங்காளம் என்று வரிசையாக எழுதி, கடைசியில் தமிழ்: ‘நீங்கள் கடத்தப்பட்டவரா? தயங்காமல் அழையுங்கள்.’ முதல் தடவை படித்தபோது பக்கத்தில் வேறு யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். நம் ஊரில் கடத்துவது தங்கத்தை, மணலை, ரேஷன் அரிசியை. ஆளைக் கடத்துவதென்றால் அதற்கு ஒரு வேன் வேண்டும், மயக்க மருந்து நனைத்த கைக்குட்டை வேண்டும். நான் திருச்சி விமான நிலையத்துக்குப் புதுச்சட்டை போட்டுக்கொண்டு போனேன். அக்கா திருநீறு பூசிவிட்டாள், மச்சான் படம் பிடித்தார், நானே பெட்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே நடந்தேன். என்னை யார் கடத்தினார்கள்? அந்தச் சுவரைத் தாண்டுகிற நம் ஆட்கள் எல்லாரும் இப்படித்தான் நினைத்துக்கொண்டு தாண்டுவார்கள். அதனால்தான் எனக்கு அந்தச் சுவரொட்டியின் மேல் சந்தேகம். யாரும் கூப்பிட்டுவிடக் கூடாது என்பதற்காகவே யாரோ உட்கார்ந்து யோசித்து அந்தச் சொல்லைப் போட்ட மாதிரி இருக்கிறது.

என் சந்தேகத்துக்கு வயது அதிகம். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஒரு இடத்தில் நிற்காத கால். திருப்பூரில் பனியன் கம்பெனி, பம்பாயில் இட்லிக் கடை, பிறகு வளைகுடாவில் கொஞ்ச காலம், அங்கிருந்து திரும்பி ஊரில் தூக்கம் பிடிக்காமல் மறுபடி இங்கே. பந்திங்கில் செம்பனைத் தோட்டம், செமினியில் கட்டட வேலை, காப்பாரில் பழைய இரும்புக் கிடங்கு. சில காலம் பாஸோடு இருந்தேன், சில காலம் பாஸ் இல்லாமல் இருந்தேன். ஊரில் இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன், இங்கே பாஸ் என்றால் வேலை அனுமதி. முதலாளியும் பாஸ்தான். டீ கேட்கிற வாடிக்கையாளர் என்னைக் கூப்பிடுவதும் பாஸ் என்றுதான். பந்திங்கில் ஒரு அதிகாரி வந்து “பாஸ் எங்கே?” என்று கேட்டபோது, “பாஸ்கிட்ட இருக்கு பாஸ்” என்றேன். நான் கேலி செய்கிறேன் என்று நினைத்து முறைத்தார். உண்மையைத்தான் சொன்னேன். பாஸ், பாஸ்போர்ட் எல்லாம் முதலாளியின் மேசை இழுப்பறையில் இருந்தன. பத்திரமாக இருக்கும் என்று அவர் சொன்னார். பத்திரமாகத்தான் இருந்தன. எனக்குத்தான் அவற்றைப் பார்க்க வழியில்லை.

நம் நாட்டிலும் இதற்கெல்லாம் சட்டம் உண்டு என்பதை மறந்துவிட வேண்டாம். திருப்பூருக்கு முன்னால் கொஞ்ச நாள் செங்கல் சூளையில் வேலை பார்த்தேன். ஒரு நாள் ஜீப்பில் அதிகாரிகள் வந்து எங்கள் எல்லாரையும் வரிசையாக உட்கார வைத்தார்கள். “இங்க யாரெல்லாம் கொத்தடிமை? கையத் தூக்குங்க” என்றார் ஒருவர். ஒரு கைகூட எழும்பவில்லை. எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண், “யாரப் பாத்து அடிமைங்கிறான் இவன்?” என்று முணுமுணுத்தாள். ஜீப் திரும்பிப் போய்விட்டது. அதற்கு அப்புறம் வேறொரு அதிகாரி, ஒரு அம்மா, வந்தார். அவர் நாற்காலி கேட்கவில்லை, செங்கல் அடுக்கின் மேலேயே உட்கார்ந்து, “கடைசியா யார் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனீங்க?” என்று கேட்டார். எல்லாரும் யோசித்தார்கள். முணுமுணுத்தாளே, அந்தப் பெண்தான் முதலில் அழுதாள். சட்டம் ஒன்றுதான். கேட்ட கேள்விதான் வேறு. அந்த அம்மா மாதிரி ஆள் எங்கேயும் எப்போதாவதுதான் வருவார். நான் பார்த்த ஊர்களிலெல்லாம் ஜீப்பில் வருகிறவர்கள்தான் அதிகம்.

இப்போது பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு வாழை இலைச் சாப்பாட்டுக் கடையில் டீ போடுகிறேன். பாஸ் என் சட்டைப் பையில் இருக்கிறது. விடுமுறை நாளில் ரயில் ஏறிக் கிள்ளானுக்குப் போவேன். காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது. ரயில் போகிறது, நானும் போகிறேன். அப்படிப் போன ஒரு நாள்தான் அந்த முடிவெட்டும் கடைக்குள் நுழைந்தேன். பெரிய கண்ணாடிகள், நல்ல ஏர்கான், சுழலும் நாற்காலி மூன்று. கல்லாவில் முதலாளி. உள்ளூர்த் தமிழர், நெற்றி நிறைய விபூதி, சிரித்த முகம். எனக்கு முடி வெட்டிய பையன் பெயர் மாரிமுத்து. பையன் என்று சொல்கிறேனே தவிர முப்பதை நெருங்கியவன். பேச்சைக் கேட்டதும் அறந்தாங்கிப் பக்கம் என்று தெரிந்துவிட்டது. நான் ஆவுடையார்கோவில். ஊர்ப் பேச்சு பேசப் போகிறான் என்று காத்திருந்தேன். அவன் கேட்டது வேறு.

“அண்ணே, நீங்க என்ன வேலை பாக்குறீங்க?”

“டீ மாஸ்டர்.”

“இங்க ஆளுங்க தே ஓ, தே ஓங்கிறாங்களே, அப்படின்னா என்னண்ணே?”

கத்தரிக்குக் கீழே என் தலை அசையாமல் நின்றது. தே ஓ என்றால் பால் இல்லாத டீ. இந்த நாட்டில் வந்து இறங்கிய அன்றே ஒருவன் கற்றுக்கொள்கிற முதல் சொல் அது. மலாய் ஒரு வார்த்தை தெரியாதவனுக்கும் தே ஓ தெரியும், ஏனென்றால் எங்கே போனாலும் அதைத்தான் கேட்பார்கள். எப்போது வந்தாய் என்று கேட்டேன். போன தைப்பூசத்துக்கு முந்தின தைப்பூசத்தில் வந்தேன் என்றான். அத்தனை காலம் மலேசியாவில் இருந்த ஒருவன் தன் வாயால் ஒரு டீ வாங்கிக் குடித்ததில்லை. எனக்கு முதலில் வந்தது இரக்கம் இல்லை, சந்தேகம்தான். பொய் சொல்கிறானோ, ஏதாவது காசு தேற்றப் பார்க்கிறானோ என்று நினைத்தேன். கண்ணாடியில் அவன் கண்ணைத் தேடினேன். அது என்னைப் பார்க்காமல் கல்லாவைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு அடிக்கடி போனேன். முடி வெட்டுகிற மெஷின் ஓடும்போது மட்டும்தான் மாரி பேசுவான், அந்தச் சத்தத்தில் கல்லாவுக்குக் கேட்காது. அதை நிறுத்தினால் வாயும் நின்றுவிடும். அவன் கதையை முழுசாகக் கேட்க வேண்டுமானால் மெஷின் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த மாதங்களில் என் தலையைப் பார்த்த எங்கள் கடைப் பையன்கள், “என்ன மாஸ்டர், பழனிக்கா, பத்துமலைக்கா?” என்று கேலி செய்தார்கள். மெஷின் சத்தத்துக்கு நடுவில் துண்டு துண்டாகக் கேட்டது இதுதான். சூப்பர் மார்க்கெட் வேலை என்று சொல்லி ஏஜென்ட் அழைத்து வந்திருக்கிறான். சென்னையில் நேர்காணல். எல்லாரிடமும் படிப்பைக் கேட்டவன், இவனிடம் மட்டும் “அப்பா என்ன வேலை?” என்று கேட்டிருக்கிறான். இவன் உண்மையைச் சொல்லியிருக்கிறான். ஊரில் அப்பா செய்கிற வேலை தன்னோடு வரக்கூடாது, தன் பிள்ளையை யாரும் அந்த வேலையின் பெயரைச் சொல்லிக் கூப்பிடக் கூடாது என்றுதான் மாரி விமானம் ஏறினான். இறங்கியதும் கையில் கத்தரியைக் கொடுத்தார்கள். ஊரில் மனைவியிடம் சூப்பர் மார்க்கெட் என்றே இன்னும் சொல்லிக்கொண்டிருந்தான். போன் பேசும்போது முதலாளி பக்கத்திலேயே இருப்பார் என்பதால், பொய் சொல்வது அவனுக்குச் சுலபமாகக்கூட இருந்தது. பாஸ்போர்ட் முதலாளியிடம். படுக்கை கடைக்கு மேலே. கடை மூடியதும் ஷட்டருக்கு வெளியே பூட்டு. சம்பளம்? ஊருக்குப் போகும்போது மொத்தமாக.

ரோஸ்லின் அக்காவைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அவர் இந்த ஊர்க்காரர். அவருடைய தாத்தா காலத்திலேயே ரயில்வே வேலைக்காக வந்த குடும்பம். எங்களைப் போன்றவர்களுக்கு உதவுகிற ஒரு சின்னக் குழுவில் இருக்கிறார். எங்கள் கடைக்குச் சாப்பிட வந்தவர், டீ ஆற்றிக்கொண்டிருந்த என்னிடம் ஒரு துண்டுப் பிரசுரத்தைக் கொடுத்து, “உங்க பேரு என்ன அண்ணே?” என்று கேட்டார். கணேசன் என்றேன். கணேசன் என் தம்பி. ஊரில் நெல் வியாபாரம் செய்கிறான். தெரியாத ஒருவர் காகிதத்தோடு வந்து பெயர் கேட்டால் சொந்தப் பெயரைச் சொல்கிற பழக்கம் எனக்கு இல்லை. இந்த அம்மாவுக்கு இதில் என்ன ஆதாயம் என்று பல நாள் யோசித்தேன். ஒரு நாள் அவரிடமே கேட்டுவிட்டேன்.

“ஒன்னும் இல்ல லா. ஞாயித்துக்கிழமை சர்ச்சுல தூக்கம் வராம இருக்கும், அவ்வளவுதான்” என்று இந்த ஊர்ப் பேச்சின் ‘லா’வோடு சிரித்தார்.

அவர்தான் இந்த நாட்டுச் சட்டத்தில் இரண்டு தனித்தனிச் சொற்கள் இருப்பதை எனக்குச் சொன்னார். ஆளை ஏமாற்றியோ மிரட்டியோ கொண்டுவந்து அவன் உழைப்பைச் சுரண்டினால் அது ஆள் வியாபாரம். அப்படிச் சிக்கியவன் ‘மங்சா’, பாதிக்கப்பட்டவன். பாஸ் காலாவதியானதற்காக அவனைத் தண்டிக்க மாட்டார்கள், பாதுகாப்பு தருவார்கள். அனுமதி இல்லாமல் எல்லை தாண்டி ஆளைக் கொண்டுவருவது வேறு குற்றம். அப்படி வந்தவனுக்கு அந்தப் பாதுகாப்பு அவ்வளவு சுலபமாகக் கிடைக்காது. தமிழில் இரண்டையும் கடத்தல் என்றே போட்டுவிட்டார்கள். “மங்சான்னு சொல்லிட்டா தப்பிச்சுக்கலாம், அப்படித்தானே?” என்றேன். “சொன்னா பத்தாது அண்ணே. அவங்க நம்பணும்” என்றார். அது எனக்குப் புரிந்தது. நம்புவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். நானே மாரியை முழுசாக நம்பியிருக்கவில்லை. இருந்தாலும் தே ஓ விஷயத்தை அவரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. கடை எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்டார்.

பிறகு நடந்ததற்கு நான் சாட்சி இல்லை. ஒரு பகல் நேரத்தில் அதிகாரிகள் கடைக்கு வந்திருக்கிறார்கள். முதலாளி அப்போதும் சிரித்த முகத்தோடு, இவன் என் தொழிலாளி இல்லை, தெரிந்தவர் வீட்டுப் பையன், தங்க வந்தவன், பொழுது போகாமல் கூடமாட உதவி செய்கிறான் என்று சொல்லியிருக்கிறார். மாரியின் பாஸ் எப்போதோ காலாவதியாகியிருந்தது. அவர் சொன்னதை அதிகாரிகள் ஏற்றுக்கொண்டால் மாரி வெறும் சட்டவிரோதக் குடியேறி. குடிநுழைவு முகாமில் அடைத்து, வழக்குப் போட்டு, இனி இந்தப் பக்கமே வர முடியாதபடி அனுப்பிவிடுவார்கள். மாரி சொல்வதை நம்பினால் அவன் மங்சா. எல்லாம் அவன் வாயில்தான் இருந்தது. அவனோ வாயையே திறக்கவில்லை. கடைசியில், “அந்த டீ மாஸ்டர் வந்தாத்தான் பேசுவேன்” என்றானாம். என் பெயர்கூட அவனுக்குத் தெரியாது. ரோஸ்லின் அக்கா போன் செய்து, “கணேசன், கொஞ்சம் வர முடியுமா?” என்றார். போவதற்கு முன்னால் சட்டைப் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். பாஸ் இருக்கிறதா என்று ரயிலிலும் பார்த்தேன். அரசாங்க அலுவலகத்துக்குத் தானாக நடந்து போவது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

சின்ன அறை. விசாரிக்கிற அதிகாரி ஒரு மலாய்ப் பெண்மணி, எல்லாரும் புவான் என்று கூப்பிட்டார்கள். மேடம் என்கிற மாதிரி. மொழிபெயர்க்க ஒரு அங்கிள் வந்திருந்தார். இந்த ஊர்த் தமிழர், ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், நல்ல மனிதர், மாரிக்குத் தன் கையாலேயே தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். என்னைச் சுவரோரம் ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, வாய் திறக்கக் கூடாது என்றார்கள். எனக்கு மலாய் தெரியும் என்று நானும் யாரிடமும் சொல்லவில்லை. என்னைப் பார்த்ததும் மாரி பேசத் தொடங்கினான். பெயர், ஊர், எப்போது வந்தான் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. பிறகு சம்பளக் கேள்வி வந்தது.

“தம்பி, அந்தக் கடையில வேலை எப்படி? சம்பளம் எப்படிக் குடுத்தாரு?” என்றார் அங்கிள்.

“சும்மாதான் சார் வேலை செஞ்சேன்” என்றான் மாரி.

அங்கிள் தலையாட்டிவிட்டுப் புவானிடம் திரும்பி, அவன் ‘சாஜா-சாஜா’ வேலை செய்தான் என்று மலாயில் சொன்னார். மலாயில் சாஜா-சாஜா என்றால் சும்மா பொழுதுபோக்காக, தோன்றினால் செய்கிற மாதிரி. முதலாளி சொன்னதற்கும் இதற்கும் ஒரு முடி அளவு வித்தியாசம் இல்லை. புவானின் பேனா நின்றது. “சாஜா-சாஜா?” என்று அவர் மறுபடி கேட்ட விதத்திலேயே, இவன் கதை முடிந்தது என்று எனக்குத் தெரிந்தது. வாய் திறக்கலாமா, திறந்தால் நீ யார், எப்போது வந்தாய் என்று என் பக்கம் திரும்புவார்களா என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போதே மாரி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டான்.

“என்ன சார், நானா சாஜா-சாஜா?”

அவனுக்கு மலாய் தெரியாது. ஆனால் முடிவெட்டும் கடையில் புழங்குகிற பத்துப் பதினைந்து சொற்கள் தெரியும், அவற்றில் இது ஒன்று. வெயிலுக்குக் கடைக்குள் நுழைகிறவர்களிடம் முடி வெட்ட வேண்டுமா என்று கேட்டால், இல்லை, சாஜா-சாஜா என்பார்களாம்.

“ஏர்கான் காத்து வாங்க வந்து உக்காந்து, பேப்பர் படிச்சிட்டுப் போவாங்களே, அவங்கதான் சார் சாஜா-சாஜா! நான் ஒரு நாளாவது அங்க உக்காந்திருக்கேனா? காலையில நின்னா கடை மூடுற வரைக்கும் நின்னுக்கிட்டே இருந்தேன் சார்!”

அங்கிள் திகைத்துப்போனார். “ஐயோ, நீதானேப்பா சும்மான்னு சொன்ன?”

“சும்மான்னா சும்மா சார். காசு குடுக்காம.”

“எங்க பக்கம் சும்மான்னா ச்சும்மா லா. டைம்பாஸுக்கு.”

“டைம்பாஸுக்கு எவன் சார் பிளேன் ஏறி வந்து அடுத்தவன் தாடிய மழிப்பான்?”

இரண்டு பேரும் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு ஆளுக்கு ஒரு பக்கம் இழுக்க, புவான் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் காதில் விழுந்தது அந்த ஒரு சொல்தான். “சுமா? சுமா அப்பா?” என்றார். மலாயில் சுமா என்றால் ‘மட்டும்’, அப்பா என்றால் ‘என்ன’. மட்டும் என்றால் என்ன மட்டும் என்று கேட்கிறார். அங்கிள் இரண்டு கையையும் வேகமாக ஆட்டி, சுமா இல்லை புவான், ‘பெர்ச்சுமா’ என்றார்.

பெர்ச்சுமா என்ற சொல்லை இங்கே கடைக் கண்ணாடிகளில் பார்க்கலாம். ஒன்று வாங்கினால் ஒன்று பெர்ச்சுமா, இலவசம். பேச்சில் அதற்கு இன்னொரு பொருளும் உண்டு: வீண், பலனில்லாமல் போனது. புவான் அந்தச் சொல்லைத் தனக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு, சம்பளமே இல்லையா, ஒரு மாதமும் இல்லையா என்று மெதுவாகக் கேட்டார். மாரி உட்கார்ந்தான். அங்கிள் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, “முதல்லேர்ந்து வருவோம்பா. பொறுமையாச் சொல்லு” என்றார்.

அதற்குப் பிறகுதான் எனக்குச் சும்மா என்ற சொல்லின் விபரீதம் தெரிந்தது. நம் வாயில் அது எத்தனை தடவை வருகிறது என்று நாம் கேட்டதே இல்லை. அடிப்பாரா என்றால், “சும்மா ரெண்டு தட்டு தட்டுவாரு” என்றான். ஏன் என்றால், “சும்மாதான்” என்றான். வெளியே போகக் கேட்டிருக்கிறாயா என்றால், “சும்மா ஒருவாட்டி கேட்டேன்” என்றான். ஒவ்வொரு தடவையும் அங்கிள் கையைத் தூக்கி நிறுத்தி, “இரு, இரு. இது எந்தச் சும்மா?” என்று கேட்டார். லேசாகவா, காரணம் இல்லாமலா, விளையாட்டுக்கா? மாரி யோசித்து யோசித்துப் பதில் சொன்னான். காரணம் இல்லாமல் அடித்தார். பயந்து பயந்து ஒரே ஒரு தடவை கேட்டேன், அதற்கப்புறம் கேட்கவில்லை. சும்மாவை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று அவனே அப்போதுதான் பார்த்த மாதிரி இருந்தது. சட்டம் எழுதியவர்கள் பலவந்தம், மிரட்டல், வஞ்சகம் என்றெல்லாம் எழுதி வைத்திருப்பார்கள். நாம் அவற்றுக்கெல்லாம் சேர்த்து ஒரே சொல் வைத்திருக்கிறோம். நமக்கு நடந்ததைச் சின்னதாக்கிச் சொல்லியே பழகிவிட்டோம். சூளையில், மில்லில், தோட்டத்தில், எங்கேயும். என்னப்பா எப்படி இருக்கிறாய் என்று அக்கா போனில் கேட்டால் நானும் ‘சும்மா இருக்கேன்’ என்றுதான் சொல்கிறேன்.

கடைசியில் புவான் நம்பினார். முழுசாகவா, பாதியா தெரியாது. மாஜிஸ்திரேட்டிடம் உத்தரவு வாங்கி மாரியைப் பாதுகாப்பு இல்லத்தில் வைப்போம், பாஸ் காலாவதியானதற்கு அவன்மேல் வழக்கு வராது என்று சொன்னார். அங்கிள் அதைத் தமிழில் சொல்லி, மாரியின் தோளைத் தட்டினார்.

“அங்கேர்ந்து வெளிய போகலாமா சார்?” என்றான் மாரி.

“இப்போதைக்கு முடியாதுப்பா. கேஸ் இருக்குல்ல. அவங்க அனுமதி குடுத்தா போகலாம்.”

“பூட்டுவாங்களா?”

“உன் பாதுகாப்புக்குத்தான்.”

“முதலாளியும் அதைத்தான் சார் சொன்னாரு.”

அவன் என்ன சொல்கிறான் என்று புவான் கேட்டார். அங்கிள் ஒரு கணம் மாரியைப் பார்த்தார், ஒரு கணம் மேசையைப் பார்த்தார். “நன்றி சொல்றான், புவான்” என்றார் மலாயில். எனக்குப் புரிந்தது. அந்த ஒரு மொழிபெயர்ப்பில் எந்தத் தப்பையும் திருத்த யாருக்கும் விருப்பம் இல்லை.

பாதுகாப்பு இல்லத்துக்கு நான் போக முடியாது. நான் சொந்தக்காரன் இல்லை. ரோஸ்லின் அக்காவிடமும் சேதி குறைவுதான். சோறு போடுகிறார்கள், பல்வலிக்கு டாக்டர் பார்த்தார், வெளியே போய் வேலை பார்க்க அனுமதி கேட்டுக் காத்திருக்கிறான், வரவில்லை, காத்திருக்கிறான். நல்லது செய்தேனா, ஒரு பூட்டிலிருந்து எடுத்து இன்னொரு பூட்டில் வைத்தேனா என்று டீ ஆற்றும்போதெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. அக்காவிடம் சொன்னேன். “இந்தப் பூட்டுக்குச் சாவி எங்க இருக்குன்னாவது தெரியும் லா” என்றார். அவர் சொன்னது சரியாகக்கூட இருக்கலாம். நீதிமன்றத்தில் அவன் சாட்சியை முன்கூட்டியே பதிவு செய்துகொண்டு, பிறகு அவன் விருப்பப்படியே ஊருக்கு அனுப்பினார்கள். முதலாளிமேல் வழக்கு நடக்கிறது. நடந்துகொண்டே இருக்கிறது.

போன மாதம் ஒரு விடுமுறை நாளில், ரோஸ்லின் அக்காவிடம் என் நம்பரை வாங்கி, மாரி வீடியோவில் கூப்பிட்டான். அறந்தாங்கிப் பேருந்து நிலையத்தில் ஒரு டீக்கடை. போனைப் பிஸ்கட் ஜாடியில் சாய்த்து வைத்திருந்தான். கொஞ்சம் சதை போட்டிருந்தது. ஊரில் எல்லாரும் மலேசியா எப்படி இருக்கும் என்று கேட்கிறார்களாம்.

“என்னத்தண்ணே சொல்றது? நான் பாத்த மலேசியா மூணு கண்ணாடி. அதுலயும் என் மூஞ்சிதான் தெரிஞ்சுது. கொஞ்சம் வெளிய நடந்து காட்டுங்கண்ணே. நானும் பாத்தேன்னு சொல்லிக்கிறேன்.”

கிள்ளானுக்கு ரயில் ஏறினேன். இறங்கியதும் மறுபடி கூப்பிட்டு நிலையத்தைக் காட்டினேன், ஆற்றுப் பாலத்தைக் காட்டினேன், இந்தியக் கடைத்தெருவில் புடவைக் கடை பொம்மைகளையும் பூச்சரங்களையும் காட்டினேன். “இவ்வளவு பக்கத்துலயாண்ணே ஆறு இருந்துச்சு?” என்று கேட்டான். அது என்ன, இது என்ன என்று சுற்றுலா வந்தவன் மாதிரி கேட்டுக்கொண்டே வந்தவன், கடைசியில் குரலைத் தணித்து, “கடையக் காட்டுங்கண்ணே” என்றான்.

கடை திறந்திருந்தது. புதுப் பெயர்ப்பலகை, கல்லாவில் வேறு ஒரு ஆள். மாரி நின்ற இடத்தில் புதிதாக ஒருவன் நின்று ஒரு பெரியவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தான். நம் பக்கத்து ஆள் மாதிரிதான் இருந்தான். “அவன் வெளிய வர்றானான்னு பாருங்கண்ணே” என்றான் மாரி. எதிர்க் கடை வாசலில் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பார்த்தால் என்ன தெரியும்? அவன் சிரிக்கிறான், சீப்பை உதறுகிறான், நாற்காலியைத் திருப்புகிறான். மாரியும் அந்த நாட்களில் இப்படித்தான் சிரித்தான், உதறினான், திருப்பினான்.

வந்தது அந்தப் புதியவன் இல்லை, நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெரியவர். ஒரு கன்னத்தில் நுரை, கழுத்தில் வெள்ளைத் துணி, துணிக்குக் கீழே போலீஸ் கால்சட்டை. தெருவைக் கடந்து நேராக என்னிடம் வந்தார். “பாஸ், என்ன படம் எடுக்கிறீங்க?” என்று மலாயில் கேட்டார். கோபம் இல்லை, கேள்விதான். பிறகு கையை நீட்டினார். என் பாஸை எடுத்துக் கொடுத்தேன்.

போனில் மாரியைக் காணவில்லை. “அண்ணே, கட் பண்ணிடுங்க, கட் பண்ணிடுங்க” என்று டீக்கடை மேசைக்குக் கீழேயிருந்து குரல் மட்டும் வந்தது. “அவரு என் கஸ்டமருண்ணே. என்னைத் தெரியும்.”

நான் கட் பண்ணவில்லை. என் ஒரு கை போனோடு நின்றுவிட்டது. திரை முழுக்க அறந்தாங்கிப் பேருந்து நிலையம், நல்ல வெயில், மூலையில் சின்னக் கட்டத்தில் கிள்ளான் தெருவோடு என் முகம். பெரியவர் என் பாஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் கன்னத்து நுரை காய்ந்துகொண்டிருந்தது. போனுக்குள்ளே ஒரு பேருந்து பின்னால் நகர்ந்து வந்து நின்றது. நடத்துனர் படியில் தொங்கிக்கொண்டு, கிள்ளான் தெரு முழுக்கக் கேட்கும்படி, ‘ஆவுடையார்கோவில், ஆவுடையார்கோவில், ஏறுறவங்க ஏறு’ என்று என் ஊர்ப் பெயரைச் சொல்லிக் கூவிக்கொண்டிருந்தார்.